உப்பெல்லாம் அக்கா டிபார்ட்மென்ட்

செலண்டார்
5 மார்ச் 2026

அன்புள்ள பிரிஜிட் அக்காவுக்கு,

தேவிஸ்ரீ எழுதிக்கொள்வது. உறையின் மேல் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் இருந்த பெண், எந்த அரசாங்க இலாகாவுக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டாள். புலாவ் செபாங்கில் இருக்கும் என் வியாபாரக் கூட்டாளிக்கு என்றேன். போன் பண்ணலாமே என்றாள். கூட்டாளி என் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருப்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? வாட்ஸ்ஆப்பில் ஒரே ஒரு டிக்தான் விழுகிறது. ஹரிதாஸ் போனிலிருந்தும் அடித்துப் பார்த்தேன், அதுவும் போகவில்லை. என் வீட்டுக்காரர் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தார்? அவர் பாட்டுக்கு எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு லாரி ஓட்டுகிற மனிதர்.

நேரிலேயே வந்திருப்பேன். நீங்கள் கதவைத் திறக்காமல் போனால் அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். அந்த வெட்கத்துக்கு இந்தத் தபால் தேவலை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் நெத்திலிச் சம்பலைக் கடைகளில் வைக்கச் சொல்லிக் கேட்கப் போய், மிஸ்டர் லிம் ஆபீசில் நடந்ததற்கு நான் மட்டும் எப்படிப் பொறுப்பு? சம்பல் உப்புக் கரித்தது உண்மை. அந்த மனிதர் ஒரு கரண்டி வாயில் வைத்தார், கண் சிவந்துபோனது, ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். அலோர் காஜா வட்டாரத்தில் அத்தனை மினிமார்க்கெட் வைத்திருப்பவர், கோபப்படவில்லை. வாசனை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அதற்கு அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பதட்டத்தில் நானும் ஏதோ சொல்லிவிட்டேன். நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள். நான் மாடிப்படி இறங்கி வருவதற்குள் பஸ் ஏறிவிட்டீர்கள். இதுதான் நியாயமா?

சுங்கை ஊடாங் கேண்டீனில் நீங்கள் பெரிய அடுப்பும் நான் சின்ன அடுப்புமாக நின்ற காலத்திலிருந்து நீங்கள் என்னிடம் இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை. கேண்டீனை மூடிய அன்று சேர்ந்துதான் அழுதோம். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கடை போட்டு உங்கள் நெத்திலிச் சம்பலைச் சேர்ந்துதான் விற்றோம். ஜாசின் வணிக ஆலோசனை மையத்தில் ஓர் எட்டு போய்க் கேட்டுப் பாருங்கள் என்று யாரோ சொன்னதும் சேர்ந்துதான் போனோம். நம் ஆலோசகரம்மா புவான் ரொஸ்னா கம்பெனி பதிவு, நகராண்மைக்கழக லைசென்ஸ், லேபல், மையத்தின் பொதுச் சமையலறை என்று ஒவ்வொன்றாக நம் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனது, கடைசியில் நாம் ஆளுக்கொரு ஊரில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவதற்கா?

புவான் உங்களுக்கும் போன் பண்ணினாராம். நீங்கள் எடுக்கவில்லையாம். செலண்டார் முழுக்க நான் கம்பெனி தொடங்கிவிட்டேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன், அக்கா. கடைக்குப் போனால் எப்போது மினிமார்க்கெட்டில் வரும் என்று கேட்கிறார்கள். நீங்கள் இல்லாமல் எது வரும்?

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

தேவிஸ்ரீ

பி.கு.: மிச்சப் பாட்டில்கள் முழுக்க என் வீட்டு ஹாலில், டிவிக்கு முன்னால் அடுக்கியிருக்கின்றன. பந்து விளையாட்டில் பாதித் திடல்தான் தெரிகிறது என்று ஹரிதாஸ் புலம்புகிறார்.


புலாவ் செபாங்
10 மார்ச் 2026

தேவிஸ்ரீக்கு,

இயேசுவுக்கே புகழ்.

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. தவக்காலத்தில் கோபத்தோடு எதையும் செய்யக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

பதட்டத்தில் ஏதோ சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். என்ன சொன்னாய் என்பதை எழுதவில்லை. நான் எழுதுகிறேன். "உப்பெல்லாம் அக்கா டிபார்ட்மென்ட்லா, பாஸ்" என்று சொன்னாய். மிஸ்டர் லிம் இருந்தார். அவருடைய கணக்குப்பிள்ளைப் பெண் இருந்தாள். புவான் ரொஸ்னா இருந்தார். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

கேண்டீனில் நான் பெரிய அடுப்பில் நின்ற காலத்தில் சோறு குழைந்திருக்கிறது. குழம்பு அடிபிடித்திருக்கிறது. சூப்பர்வைசர் வந்து யார் செய்தது என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? "கிச்சன்ல நடந்துச்சு சார்" என்பேன். ஒரு நாளாவது சின்ன அடுப்பில் நிற்கிறவளைக் காட்டிக் கொடுத்திருக்கிறேனா? ஒரு முறை நீ சேமியா பாயசத்தை அடுப்பில் வைத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பாயசத்தைக் கத்தியால் வெட்டி எடுக்கும்படி ஆனது. அன்றைக்கும் நான் கிச்சன் என்றுதான் சொன்னேன்.

உப்புக் கரித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. சம்பல்தானே, வேறு செய்யலாம்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். புவான் ரொஸ்னா சம்பலின் அளவை எல்லாம் கிராமில் எழுதித் தரச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறாய். நான் கையால் அள்ளிப் போடுகிறவள். எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் நான் எதற்கு? உனக்கு ஒரு தராசு போதும். இதை நான் உன்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

ஜொகூரிலிருந்து என் அண்ணன் சின்னப்பன் போன் பண்ணினார். அவர் வேலை செய்யும் கல்லூரி விடுதியில் சமையலறையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்களாம். ஈஸ்டர் முடிந்ததும் வரச் சொல்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஹரிதாஸிடம் எனக்குக் கோபம் இல்லை. பிளாக் பண்ணியது கெல்வின். லீவுக்கு வந்திருந்தான். தேவி வீட்டு நம்பர் எதுவும் வேண்டாம் என்று சொன்னேன். என் பிள்ளைக்கு ஒரு வேலை சொன்னால் கூடவே நாலு வேலை செய்வான்.

பிரிஜிட்

பி.கு.: கரித்த சம்பலை யாருக்கும் கொடுக்காதே. நம் பேர் கெடும்.


செலண்டார்
16 மார்ச் 2026

அன்புள்ள பிரிஜிட் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு யாரிடமும் பேசாமல் இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். உடம்பு சரியில்லையா என்று ஹரிதாஸ் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அந்த வார்த்தையை நான் சொன்னேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அந்த நிமிஷத்தில் என் முகம் தப்பித்தால் போதும் என்று இருந்தது, உங்கள் முகத்தை நினைக்கவில்லை. மன்னித்துவிடுங்கள், அக்கா. இதை நேரில் சொல்லியிருந்தால் நடுவில் வேறு ஏதாவது பேசிக் கெடுத்திருப்பேன். எழுதியதும் நல்லதுதான்.

இனி ஒரு செய்தி. உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

வியாழக்கிழமை புவான் ரொஸ்னா கூப்பிட்டு ஜாசின் மையத்துக்குப் போனேன். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மேசை மேல் ஒரு பெரிய வெள்ளைத் தாளை விரித்து, கையில் மார்க்கர் பேனாவோடு நின்றார். தப்பு எங்கே நடந்தது என்று தெரியாமல் போனால் அடுத்த சட்டியிலும் அதே தப்பு நடக்கும், அதனால் முதலிலிருந்து சொல் என்றார். போலீஸ் ஸ்டேஷன் தோற்றுவிடும்.

நெத்திலியைக் கழுவியது யார் என்றார். அக்கா என்றேன். மிளகாய் அரைத்தது? நான். வெங்காயம் வதக்கியது? அக்கா. உப்பு போட்டது? அக்கா என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அதைப் பார்த்ததும், நானும்தான் என்றேன்.

ஆமாம், அக்கா. நானும் போட்டேன். பாசார் மாலாம் சின்னச் சட்டியை விட்டு மையத்தின் பெரிய சட்டியில் நாம் செய்தது அதுதான் முதல் தடவை. அக்காவுக்குத் தவக்காலம், மீனையே வாயில் வைக்கமாட்டார், ருசி பார்க்க முடியாமல் பயந்து பயந்து கொஞ்சமாகத்தான் போட்டிருப்பார் என்று நினைத்தேன். நீங்கள் பாட்டிலைக் கழுவப் போனபோது ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டுக் கிளறிவிட்டேன். சொன்னால் உங்கள் மனசு கஷ்டப்படும் என்று சொல்லவில்லை.

புவான் அதையும் எழுதிக்கொண்டார். அடுத்த கேள்வி, "சரி, ருசி பார்த்தது யார்?"

நான் மாசி மகத்துக்கு விரதம். சன்னாசிமலையில் பால்குடம் எடுக்கும் வரை முட்டைகூடத் தொடவில்லை. உங்களுக்குத் தவக்காலம். நான் நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று இருந்தேன். நீங்கள் நான் பார்த்திருப்பேன் என்று இருந்திருப்பீர்கள். எனக்கு அப்போது ஒரு தைரியம் வந்தது. "நீங்கதானே புவான் சட்டியைத் திறந்து சேடாப், சேடாப், ருசியா இருக்குன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் மார்க்கர் பேனாவை மெல்ல மூடி வைத்தார். "எனக்கு நோன்பு, தேவி. நான் மூக்காலதான் பார்த்தேன்" என்றார்.

அப்புறம் சிரித்தோம் பாருங்கள். பக்கத்து அறையில் வரிக் கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது, அவர்கள் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். மூன்று சமயத்து ஆள் ஒரு சட்டியைச் சுற்றி நின்றிருக்கிறோம், ஒரு நாக்குகூட வேலை செய்யவில்லை. அன்றைக்கு அந்த வட்டாரத்திலேயே விரதம் இல்லாத மனிதர் மிஸ்டர் லிம் ஒருவர்தான் போலிருக்கிறது. சரியாக அவர் வாயில் கொண்டுபோய் வைத்துவிட்டோம்.

தப்பில் தன் பங்கும் உண்டு என்று புவான் சொன்னார். பெரிய சட்டிக்கு மாறும்போது யார் ருசி பார்ப்பது என்பதைத் தான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டுமாம். தாளின் அடியில் பெரிய எழுத்தில் எழுதி என்னைப் படிக்க வைத்தார். உப்பு போடுகிறவர் ஒருவர், ருசி பார்க்கிறவர் இன்னொருவர். இருவருக்கும் விரதம் என்றால் வெளியாள் ஒருவரைக் கூப்பிட வேண்டும். மிஸ்டர் லிம்முக்கும் உண்மையைச் சொல்லிவிட்டார். அவர் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாராம். ஏப்ரல் ஏழாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். முந்தின நாள் திங்கட்கிழமை மையச் சமையலறையை நமக்கு ஒதுக்கியாகிவிட்டது.

ஆனால் ஒரு நிபந்தனை. இது உங்கள் இருவர் பெயரில் பதிந்த கம்பெனி, ஒருத்தர் மட்டும் வந்தால் நானே மிஸ்டர் லிம்முக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்கிறார் புவான். சமையலறைக்கும் கேக் செய்கிற ஒரு கூட்டம் வரிசையில் நிற்கிறது. நாம் விட்டால் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

நீங்கள் ஜொகூர் போகிறேன் என்று எழுதியதை நான் இன்னும் ஹரிதாஸிடம் சொல்லவில்லை.

தேவிஸ்ரீ

பி.கு.: நீங்கள் கோபித்துக்கொள்ளும் விஷயம் ஒன்று. உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே நாசி கோரேங் கடை ரங்கசாமி அண்ணன் ஒரு பாட்டிலை எடுத்துப் போய்விட்டார். ஒரு கரண்டி போட்டால் வேறு உப்பே வேண்டியதில்லை, சோற்றோடு கிளறினால் நாசி கோரேங் ஜோராக வருகிறது என்று மறுநாள் வந்து மிச்சத்தையும் கேட்டார். டிவி இப்போது முழுசாகத் தெரிகிறது.


புலாவ் செபாங்
23 மார்ச் 2026

அன்புள்ள தேவிஸ்ரீக்கு,

இயேசுவுக்கே புகழ்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து வந்து உன் கடிதத்தைப் படித்தேன். சிரித்தேன். தனி வீட்டில் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து வீட்டு மீனம்மா வேலிப் பக்கம் வந்து என்ன என்று கேட்டாள். தவக்காலத்தில் இப்படிச் சிரித்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை.

உண்மை வந்ததே வந்தது, முழுவதும் வரட்டும். நீ ஒரு கைப்பிடி போட்டாய். நான் இரண்டு முறை போட்டேன். மிளகாய் அரைக்கும்போதே நீ வழக்கமாகக் கொஞ்சம் உப்பு சேர்ப்பாய். அன்று விரதக்காரி, நாக்கில் வைக்க முடியாது, அதனால் சேர்த்திருக்க மாட்டாய் என்று உன் பங்கையும் நானே போட்டேன். சேர்த்தாயா என்று கேட்டால் நீ ருசி பார்க்கப் போய் விரதம் கெட்டுவிடுமோ என்று பயம். கேட்கவில்லை. உனக்கு நானும் எனக்கு நீயும் பார்த்துப் பார்த்துச் செய்ததை அந்த லிம் சாப்பிட்டார்.

மன்னிப்புக் கேட்டாய். மன்னித்துவிட்டேன். அதில் மிச்சம் ஒன்றும் இல்லை.

ஆனால் திரும்பி வருவது வேறு விஷயம், தேவி. எனக்கு வயது ஐம்பத்து மூன்று. கேண்டீனில் யாரும் என்னை நேருக்கு நேர் உட்காரவைத்து, சாப்பிட்டுப் பார்த்து, வேண்டும் வேண்டாம் என்று சொன்னதில்லை. தட்டில் போட்டோம், சாப்பிட்டார்கள், போனார்கள். இன்னொரு முறை ஒருவர் என் சமையலை வாயில் வைத்துவிட்டுத் தண்ணீர் தேடுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நீ சின்னவள். விழுந்தால் மண்ணைத் தட்டிவிட்டு அடுத்த வீட்டில் போய்க் கதை பேசுவாய். நான் அப்படி இல்லை.

விடுதி வேலையில் பயம் இல்லை. அண்ணன் அங்கே மேனேஜரிடம் நான் வருவதாகவே சொல்லிவிட்டார். ஈஸ்டருக்குள் சரி என்று சொல்ல வேண்டும்.

தராசு விஷயத்துக்கு நீ பதில் எழுதவில்லை. அதையும் கவனித்தேன்.

ரங்கசாமியிடம் சொல். தப்பைப் பாட்டிலில் அடைத்து விற்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. அவருக்கு உண்மையிலேயே பிடித்திருந்தால் அதை ஒழுங்காக வேறு மாதிரி செய்ய வேண்டும். நெத்திலியைக் குறைத்து மிளகாயைக் கூட்ட வேண்டும். இதை ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

பிரிஜிட்


செலண்டார்
30 மார்ச் 2026

அன்புள்ள பிரிஜிட் அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு பாட்டிலும் வந்திருக்கும். ஹரிதாஸ் தம்பின் டவுன் பக்கம் போகும்போது உங்கள் கேட்டில் மாட்டிவிட்டு வரச் சொன்னேன். நீங்கள் வீட்டில் இருந்தாலும் கூப்பிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

தராசு விஷயத்துக்கு நான் பதில் எழுதவில்லை என்று சொன்னீர்கள். எழுதத் தெரியவில்லை. அதனால் செய்து பார்த்தேன்.

போன வாரம் மையச் சமையலறையில் ஒரு மணி நேரம் இடம் கேட்டு வாங்கினேன். உங்கள் கை எவ்வளவு அள்ளும் என்று என் ஞாபகத்தில் இருந்ததை எல்லாம் புவானின் தராசில் நிறுத்து, கிராமில் எழுதி, அதைப் பார்த்து நானே தனியாகச் சம்பல் செய்தேன். போனைக் கைப்பையில் போட்டுப் பூட்டிவிட்டேன், பாயசம் ஞாபகம் வந்தது. நோன்பு முடிந்து ஹரி ராயாவும் போய்விட்டதால் இந்த முறை புவான் மூக்கை விட்டு வாயால் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். ரங்கசாமி அண்ணன் நன்றாக இருக்கிறது என்றார். ஹரிதாஸைக் கேட்பதில் பிரயோஜனம் இல்லை, அவர் கரித்ததையே இரண்டு தட்டு சாப்பிட்டவர்.

எனக்கு மட்டும் அது நம் சம்பலாகத் தெரியவில்லை. ஏதோ ஒன்று குறைகிறது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. தராசு முன்னால் இருக்கிறது, எழுதிய தாள் சுவரில் ஒட்டியிருக்கிறது, நான் கரண்டியை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டு நிற்கிறேன். என்ன குறை என்று சொல்லக்கூடிய ஒரே ஆளுக்கு ஈஸ்டர் வரை வாய்க்கட்டு. அந்தத் தராசு போதும் என்று இனிமேல் எழுதாதீர்கள், அக்கா. எனக்குக் கோபம் வரும்.

அளவை எழுதிக் கொடுக்க நீங்கள் பயப்படுவதைப் புவானிடம் சொன்னேன். சொல்லலாமா கூடாதா என்று யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். இதற்கு முன்னாலும் சமையல்காரர்கள் பலர் தன்னிடம் இதே இடத்தில் வந்து நின்றிருக்கிறார்கள் என்றார். அப்புறம், "பிரிஜிட் ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்தா கம்பெனியும் கூடவே படுக்கக் கூடாது. அவங்களுக்கு லீவு கிடைக்கணும்னுதான் எழுதச் சொல்றேன், அவங்களை அனுப்பறதுக்கு இல்லை" என்றார். எனக்கு அது சரியாகப் பட்டது. வேளாங்கண்ணிக்குப் போக வேண்டும் என்று கேண்டீன் காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அளவை எழுதி வைக்காமல் எப்படிப் போவீர்கள்? சட்டியையும் பிளேனில் ஏற்றிக்கொண்டா?

தெம்பில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது அழுதுவிட்டேன். எனக்கும் பயம்தான், அக்கா. நான் கதை பேசுவது பயத்தினால்தான். மிஸ்டர் லிம் இன்னொரு தடவை தண்ணீர் தேடினால் அந்த முறை நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். விரலை நீட்டமாட்டேன். இதற்கு மேல் என்னால் ஒன்றும் உறுதி சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஹரிதாஸ் என்னை ஜாசினுக்கு அழைத்துப் போகிறார். நீங்கள் வந்தால் அடுப்பைப் பற்றவைப்போம். வராவிட்டால் சமையலறைச் சாவியைப் புவான் கையில் கொடுத்துவிட்டு, கம்பெனியை எப்படி மூடுவது என்று கேட்டுக்கொண்டு வருவேன். ஜொகூர்தான் உங்களுக்கு நல்லது என்று பட்டால் போய் வாருங்கள். நான் மறிக்கமாட்டேன். உங்கள் மேல் எனக்குள்ள பிரியம் அதனால் குறைந்துவிடாது.

பாட்டிலை ஈஸ்டருக்கு முன் திறக்கமாட்டீர்கள் என்று தெரியும்.

உங்கள் தேவி


புலாவ் செபாங்
5 ஏப்ரல் 2026, ஈஸ்டர் ஞாயிறு

அன்புள்ள தேவிக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள்.

உன் பாட்டிலை பிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். பெரிய வெள்ளிக்கிழமை அன்று கதவைத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது. நேற்று கெல்வின் வந்தான். வந்ததும் பாட்டிலைக் கையில் எடுத்தான். கையிலேயே ஒன்று போட்டேன்.

இன்று காலை பூசை முடிந்து வந்து, கேக், கோழி எல்லாம் மேசையில் இருக்க, நான் முதலில் சுடுசோறு போட்டு அதில் உன் சம்பல் ஒரு கரண்டி வைத்துப் பிசைந்து சாப்பிட்டேன். கெல்வின் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லாதானே இருக்குமா, எதுக்கு இப்படி யோசிக்கிறீங்க?" என்றான். அவனுக்கு என்ன தெரியும்.

குறையைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். உப்பு போதாது. பயந்து போட்டிருக்கிறாய். வெங்காயத்தைச் சீக்கிரம் இறக்கிவிட்டாய், ஓரம் சிவந்து எண்ணெய் பிரிந்து வரும் வரை நிற்க வேண்டும், உனக்கு நிற்கும் பொறுமை கிடையாது. புளி சரி. மிளகாய் சரி. நெத்திலியை நன்றாகப் பொரித்திருக்கிறாய், அது என்னைவிட நன்றாக வந்திருக்கிறது. இன்னும் ஒரு முறை சோறு போட்டுக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அண்ணனுக்குப் போன் பண்ணினேன். வரவில்லை என்று சொன்னேன். உனக்குப் பைத்தியமா என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் திட்டிவிட்டு, அந்தச் சம்பலில் தனக்கு ஒரு பாட்டில் எடுத்து வைக்கச் சொன்னார்.

பயம் போகவில்லை, தேவி. பயத்தோடுதான் வருகிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்று எழுதினாயே, அந்த இடத்தை மட்டும் பல தடவை படித்தேன்.

புவானின் தராசில் நானே நிறுத்துக் கொடுக்கிறேன். அவர் எழுதிக்கொள்ளட்டும். ரங்கசாமிக்கு வேண்டிய நாசி கோரேங் சம்பலையும் தனியாகச் செய்து காட்ட வேண்டும். டிசம்பரில் எனக்கு லீவு வேண்டும். வேளாங்கண்ணிக்கு.

போன் விஷயம் ஒன்று உண்டு. உன் முதல் கடிதம் வருவதற்கு முன்னாலேயே பிளாக்கை எடுக்கப் பார்த்தேன். எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. அங்கே இங்கே தட்டியதில் எழுத்தெல்லாம் சீன மொழிக்கு மாறிவிட்டது. புவான் கூப்பிட்டாரா, யார் கூப்பிட்டார் என்றே தெரியாமல் போனது இதனால்தான். அண்ணன் படத்தை மட்டும் அடையாளம் பார்த்து எடுத்தேன். கெல்வினைக் கேட்கவும் வெட்கம், அம்மாவுக்கு ஒரு வாரம்கூடக் கோபம் தாங்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்வான். இன்றுதான் சரி பண்ணிக் கொடுத்தான். நம்பர் இப்போது போகும். ஆனாலும் எழுதுகிறேன். போனில் நீ என்னை இவ்வளவு பேசவிடமாட்டாய்.

இதைத் தபாலில் போடவில்லை. போட்டால் நாளைக்குக் கிடைக்காது. காலையில் ஆறரைக்கெல்லாம் கெல்வின் என்னை உன் வீட்டு வாசலில் இறக்கிவிடுவான். கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு நிற்பேன். நீ முழுவதும் படித்து முடிக்க வேண்டும், அதுவரை தட்டமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை மிஸ்டர் லிம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு நல்லது சொன்னாலும் கெட்டது சொன்னாலும், "கிச்சன்ல செஞ்சது, பாஸ்" என்று மட்டும் சொல். வேறு ஒன்றும் பேசாதே.

உப்பை இனிமேல் நீ போடு. நான் வாயில் வைத்துப் பார்க்கிறேன்.

படித்துவிட்டாய் அல்லவா? கதவைத் திற.

அக்கா